கொல்லிமலைக்கு ஒருநாள் வேன் பயணம்: மழைக்காலத்தில் தஞ்சை, கும்பகோணத்திலிருந்து கிளம்புகிறவர்களுக்கு

ஆடி பிறந்ததும் டெல்டா ஊர்களில் ‘கொல்லிமலை ஒருநாள் டூர்’ நோட்டீஸ் ஒட்ட ஆரம்பித்துவிடுகிறார்கள். ஆளுக்கு இவ்வளவு என்று ஒரு தொகை, அதற்குக் கீழே இடங்களின் பட்டியல்: அறப்பளீஸ்வரர் கோயில், ஆகாய கங்கை, மாசிலா அருவி, நம்ம அருவி, எட்டுக்கை அம்மன், தாவரவியல் பூங்கா, படகுத்துறை, காட்சி முனை, போகிற வழியில் நாமக்கல் ஆஞ்சநேயர். பட்டியலைப் பார்த்து யாரும் பணம் கட்ட வேண்டாம். மலை அருமையான மலை, கோயில் பழமையான கோயில், மழைக்காலத்தில் இரண்டையும் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். ஆனால் இங்கிருந்து ஒரே நாளில் போய்வருகிறவர்களுக்கு மலைமேல் கிடைப்பது ஆறரை மணி நேரம். அதில் ஒன்பது இடம் அடங்காது. கோயில், ஆகாய கங்கை, சோளக்காடு சந்தை என்று மூன்றோடு நிறுத்திக்கொள்கிற வண்டிதான் நல்ல வண்டி.

தஞ்சாவூரிலிருந்து திருச்சி 60 கிலோமீட்டருக்குள். அங்கிருந்து முசிறி, தொட்டியம் வழியாக நாமக்கல் சுமார் 90. நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி, காரவள்ளி வழியாக மலையேறி செம்மேடு போக 55 வாக்கில். செம்மேட்டிலிருந்து கோயிலுக்கு இன்னும் 15. ஒரு வழிக்கு 220 என்று வைத்துக்கொண்டால் போகவர 440. மலைமேல் சுற்றுவதையும் சேர்த்தால் மீட்டரில் 460, 470 காட்டும். வண்டியைக் கிலோமீட்டர் கணக்கில் பேசுகிறவர்கள் இந்த எண்ணை மனதில் வைத்துப் பேசவேண்டும். கும்பகோணத்துக்காரர்கள் போகவர 80 கூட்டிக்கொள்ளுங்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கமிருந்து இதை ஒருநாள் பயணமாக விற்கிறவர்களிடம் வாங்கவே வாங்காதீர்கள். அந்த ஊர்க்காரர்கள் நாமக்கல்லில் ஒரு இரவு தங்கிப் போவதுதான் சரி. காரணம் ஓட்டுநர். தஞ்சாவூரிலிருந்து கிளம்பினாலே அவர் அதிகாலை மூன்றரைக்கு வண்டி எடுத்து இரவு ஒன்பதுக்குத் திரும்புகிறார். பதினேழரை மணி நேர வேலை, நடுவில் 70 கொண்டை ஊசி வளைவு ஏற்றம், அதே 70 இறக்கம். முந்தின இரவு வேறு சவாரி போய்விட்டு வந்த ஓட்டுநர் என்றால் அந்த வண்டியில் ஏறக்கூடாது. முன்பதிவு செய்யும்போதே இதைக் கேட்டுவிடலாம், கூச்சப்பட ஒன்றுமில்லை. நீங்கள் அருவிக்கு இறங்கி ஏறுகிற இரண்டரை, மூன்று மணி நேரம் அவர் தூங்கவேண்டும். அந்த நேரத்தில் ‘வயசானவங்களை மட்டும் எட்டுக்கை அம்மனுக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வந்துடுங்கண்ணே’ என்று அனுப்புகிற பழக்கம் பல குழுக்களில் இருக்கிறது. வேண்டாம்.

எந்த மாதம் போவது என்பதில்தான் பாதிப் பயணம் இருக்கிறது. கொல்லிமலை கிழக்குத் தொடர்ச்சி மலை. மேல்பரப்பு சுமார் 1,000 முதல் 1,300 மீட்டர் உயரம், அதனால் சமவெளியைவிட ஆறேழு டிகிரி குளிர்ச்சி. தென்மேற்குப் பருவத்திலும் மழை உண்டு, வடகிழக்குப் பருவத்திலும் உண்டு. இரண்டின் குணமும் வேறு. ஆவணி, புரட்டாசியில் பெரும்பாலும் காலையில் வெளுத்திருக்கும், மதியத்துக்கு மேல் இடிமழை. மலை பச்சையாக இருக்கும், அருவியில் தண்ணீர் இருக்கும், காலை நேரம் நம் கையில் இருக்கும். ஒருநாள் பயணத்துக்கு இதைவிடத் தோதான காலம் இல்லை. குறுவை அறுத்து, தாளடி நடவுக்கு முன் நாலு நாள் மூச்சுவிட நேரம் கிடைக்கிற குடும்பங்களுக்கும் புரட்டாசி பொருந்திவரும். சனிக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள், அன்று நாமக்கல்லிலும் குணசீலத்திலும் பெருமாள் கோயில் கூட்டம் சாலை வரைக்கும் நிற்கும். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை வேறு கதை. நாள் முழுக்கத் தூறலும் பனிமூட்டமும். காட்சி முனையில் நின்றால் பக்கத்தில் நிற்கிறவர் முகம் தெரிந்தால் பெரிது. வங்கக்கடலில் தாழ்வு மண்டலம், டெல்டா மாவட்டங்களுக்கு சிவப்பு எச்சரிக்கை என்று செய்தி வந்தால் மலைப்பாதையில் பாறை உருளும், மரம் விழும், அருவிக்கு விடமாட்டார்கள். அந்த வாரம் கிளம்பவே கூடாது. ஆடிப்பெருக்கையும் தவிர்க்கலாம். வல்வில் ஓரி விழாவும் கோயில் விழாவும் ஒன்றாக வருகிற நாட்கள் அவை. விழாவுக்கென்றே போகிறவர்கள் போகட்டும், மலை பார்க்கப் போகிறவர்களுக்கு வண்டி வரிசைதான் கிடைக்கும்.

வண்டி

12 இருக்கை டெம்போ டிராவலர் இந்த மலைக்கு அளவான வண்டி. 18, 20 இருக்கை வேனும் ஏறும். அதற்கு மேல் நீளமான சுற்றுலாப் பேருந்தை இந்த வளைவுகளுக்குள் கொண்டுபோவது பயணிகளையும் எதிரே வருகிறவர்களையும் வதைப்பது. அரசுப் பேருந்து போகிறதே என்பார்கள். அதை ஓட்டுகிறவர்கள் தினமும் அந்தப் பாதையில் போய்வருகிறவர்கள், எந்த வளைவில் எவ்வளவு வெளியே எடுத்துத் திருப்பவேண்டும் என்பது அவர்கள் கைக்குத் தெரியும்.

கிளம்புவதற்கு முன் பகல் வெளிச்சத்தில் வண்டியை ஒருமுறை பார்த்துவிடுங்கள். டயரில் பட்டன் தேய்ந்திருந்தால் வேறு வண்டி கேளுங்கள். வைப்பர் ரப்பர் இழுக்கிறதா, துடைக்கிறதா என்று தண்ணீர் ஊற்றிப் பார்க்கவேண்டும். உள்பக்கக் கண்ணாடியில் ஆவி படிந்தால் ஏசி காற்றைக் கண்ணாடிக்குத் திருப்பிவிடும் வசதி வேலை செய்கிறதா என்பதும் முக்கியம். பன்னிரண்டு பேர் மூச்சுவிடுகிற மூடிய வண்டியில் மழை பெய்யும்போது முன்கண்ணாடி இரண்டு நிமிடத்தில் வெளுத்துவிடும், ஓட்டுநர் ஒரு கையில் துணியை வைத்துத் துடைத்துக்கொண்டே வளைவு திருப்புவார். டீசலை நாமக்கல்லிலோ சேந்தமங்கலத்திலோ நிரப்பிக்கொண்டு ஏறுவது நல்லது.

பின் அச்சுக்குப் பின்னால் இருக்கிற கடைசி வரிசைதான் வளைவில் அதிகம் ஆடும். டூர் நடத்துகிறவர்கள் முதலில் பணம் கட்டியவர்களுக்கு முன்சீட்டு என்று வைத்திருக்கிறார்கள். மலைப்பயணத்துக்கு அது தப்பு. வாந்தி வரக்கூடியவர்கள், குழந்தைகள், பெரியவர்கள் முன்னாலும் நடுவிலும், இளவட்டங்கள் பின்னால். வாந்தி மாத்திரை பழக்கமுள்ளவர்கள் வளைவு ஆரம்பித்தபிறகு விழுங்கிப் பயனில்லை, மலையேற ஒரு மணி நேரத்துக்கு முன்னால், அதாவது நாமக்கல்லிலேயே போட்டுக்கொள்ளவேண்டும். அது தூக்கம் வரவைக்கும், ஆகவே ஓட்டுநருக்குக் கூடவே கூடாது. வெறும் வயிறும் ஆகாது, பூரி கிழங்கும் ஆகாது. இரண்டு இட்லி, கொஞ்சம் சட்னி, அரை டம்ளர் காபி போதும். மீதியை மேலே போய்ச் சாப்பிடலாம்.

கழிப்பறை விஷயத்தையும் சொல்லிவிடவேண்டும், நோட்டீஸ்களில் இது இருக்காது. நாமக்கல்லில் சாப்பிடுகிற ஓட்டலில் எல்லாரும் போய்விட்டு வருவதுதான் உத்தமம். கோயில் பக்கத்தில் இருப்பது கூட்ட நாளில் பெண்கள் பயன்படுத்துகிற நிலையில் இருப்பதில்லை. செம்மேட்டில் ஒருமுறை வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள்.

வழியும் வளைவும்

திருச்சி தாண்டி கொள்ளிடத்தின் வடகரையோடு போகிற சேலம் சாலை டெல்டாக்காரர்களுக்கு அந்நியமாகத் தெரியாது. வாழையும் நெல்லும், முசிறி பக்கம் கோரையும். திருவாசி இந்தச் சாலையில்தான். கொல்லி மழவன் என்ற குறுநில மன்னனின் மகளுக்கு வந்த முயலகம் என்ற வலிப்பு நோயைத் திருஞானசம்பந்தர் பதிகம் பாடித் தீர்த்த தலம் அது. அங்கே நடராஜர் காலடியில் முயலகன் இருக்கமாட்டான், பாம்பு இருக்கும். அந்த மழவன் ஆண்ட மலைக்குத்தான் போகிறோம். காலையில் இருட்டோடு தாண்டிவிடுவோம், திரும்பும்போது நடை சாத்துவதற்குள் வந்தால் அரை மணி நேரம் இறங்கிப் பார்க்கலாம். பட்டியலில் இருக்கிற படகுத்துறையைவிட இது எவ்வளவோ மேல்.

துறையூர், எருமப்பட்டி வழியாகவும் போகலாம், மேப் சில சமயம் அதைத்தான் காட்டும். தூரம் கொஞ்சம் மிச்சமானாலும் அதிகாலை இருட்டில் வேகத்தடையும் நாயும் டிராக்டரும் நிறைந்த பாதை. பெரிய வண்டிக்கு முசிறிப் பாதைதான் நிம்மதி. வளைவு தாங்காதவர்கள் இருந்தால் முள்ளுக்குறிச்சிப் பக்கத்துப் பாதையை யோசிக்கலாம், அங்கே கொண்டை ஊசிகள் குறைவு.

காரவள்ளி அடிவாரத்தில் சோதனைச் சாவடி. தண்ணீர் பாட்டில், பிளாஸ்டிக் பை, தட்டு இவற்றை வீட்டிலேயே விட்டுவிட்டு எவர்சில்வர் பாட்டிலில் ஆளுக்கு ஒரு லிட்டர் கொண்டுபோங்கள். மதுப்பாட்டிலைப் பற்றிச் சொல்லித்தான் ஆகவேண்டும்: அருவிக்குக் கீழே பாறை இடுக்கில் கிடக்கிற கண்ணாடிச் சில்லெல்லாம் மலைவாழ் மக்கள் போட்டதல்ல, நம்மைப் போல் கீழேயிருந்து போனவர்கள் போட்டது. குழுவில் யாராவது கொண்டுவந்தால் அடிவாரத்திலேயே இறக்கிவிடுகிற தைரியம் டூர் நடத்துகிறவருக்கு இருக்கவேண்டும்.

அங்கிருந்து சோளக்காடு வரை 70 வளைவு. ஒவ்வொன்றுக்கும் எண் பலகை உண்டு. நல்ல ஓட்டுநர் ஏற ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்வார், அவசரப்படுத்தாதீர்கள். மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை, இறங்குகிறவர் நின்று வழிவிடவேண்டும். வெளியூர் கார்க்காரர்கள் பலர் இதைப் பொருட்படுத்துவதில்லை, வளைவுக்கு நடுவில் இரண்டு வண்டியும் மூக்கோடு மூக்கு நின்று பின்னால் வரிசை சேர்ந்துவிடுகிறது. அதனால் ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் ஹாரன், பனி இருந்தால் லோ பீம். ஹை பீம் போட்டால் வெளிச்சம் பனியில் பட்டுத் திரும்பி நம் கண்ணையே மறைக்கும். நாலு இண்டிகேட்டரையும் ஒன்றாக எரியவிட்டுக்கொண்டே ஓட்டுவதும் தவறு. எந்தப் பக்கம் திரும்பப் போகிறோம் என்பது பின்னால் வருகிறவருக்குத் தெரியாமல் போகும்.

இறக்கம்தான் ஓட்டுநரின் தரத்தைக் காட்டும். எந்த கியரில் ஏறினாரோ அதே கியரில் இறங்கவேண்டும். வளைவில் இரண்டாவது, நேர்ப்பாதை கிடைத்தால் மூன்றாவது. நியூட்ரலில் விட்டு டீசல் மிச்சம் பிடிக்கிற ஆளாக இருந்தால் முதல் வளைவிலேயே சத்தம் போட்டு நிறுத்தச் சொல்லுங்கள். எந்நேரமும் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் பாதி இறக்கத்தில் கருகல் வாடை வரும். அது லைனிங் சூடேறிப் பிடிப்பை இழந்துகொண்டிருக்கிறது என்பதற்கு அடையாளம். அகலமான இடமாகப் பார்த்து ஓரம் கட்டி, சக்கரத்துக்குக் கல் வைத்து, கால் மணி நேரமாவது ஆறவிடவேண்டும். சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றுவார்கள், விரிசல் விடும், ஊற்றவிடாதீர்கள்.

கோயில்

காலை பத்துக்குள் கோயில் வாசலில் இருக்கவேண்டும். இந்த ஒரு நேரம் தவறினால் அன்றைய பயணம் முழுக்கச் சரிகிறது. மதியம் ஒரு மணி வாக்கில் நடை சாத்திவிடுவார்கள், மதியத்துக்கு மேல் அருவிப் படியில் இறங்க விடுவதைக் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்திவிடுவார்கள், நான்கு மணிக்கு மேல் பனி இறங்கிவிடும். நாமக்கல் ஆஞ்சநேயரைக் காலையில் பார்த்துவிட்டு ஏறலாம் என்று நினைக்கிற குழுக்கள் இந்த மூன்றையும் கோட்டைவிடுகின்றன. பதினெட்டு அடி உயரத்தில் கூரையில்லாமல் வெட்டவெளியில் நிற்கிற ஆஞ்சநேயர், அவருக்கு எதிரே குடைவரையில் நரசிம்மர். நிதானமாகப் பார்க்கவேண்டிய சந்நிதிகள் அவை, மாலையில் இறங்கி வரும்போது நேரம் இருந்தால் பார்க்கலாம்.

அறப்பளீஸ்வரர் கோயில் வளப்பூர் நாடு என்கிற மலைப்பகுதியில், அய்யாற்றங்கரையில் இருக்கிறது. தேவார வைப்புத்தலம். தனிப்பதிகம் இல்லை, ஆனால் அப்பர் பாடலில் பெயர் வருகிறது. திருவாரூர், திருவிடைமருதூர் பிராகாரங்களில் நடந்து பழகிய நமக்குக் கோயில் சின்னதாகத் தெரியும். ராஜகோபுரத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள். காட்டுக்கும் ஆற்றுக்கும் நடுவே, ஒரு நாட்டாருக்கான கோயிலாக அடக்கமாக இருப்பதுதான் அதன் அழகு. சுவாமி சுயம்பு. நிலத்தை உழுதபோது ஏர்முனை பட்டு ரத்தம் கசிந்தது, அந்தத் தழும்பு லிங்கத்தின் உச்சியில் இன்னும் இருக்கிறது என்பது தல வரலாறு. அபிஷேகம் முடிந்து அலங்காரத்துக்கு முன்னால் போனால் குருக்களிடம் கேளுங்கள், தீபத்தைச் சற்றுத் தூக்கிக் காட்டுவார். அலங்காரம் ஆகிவிட்டால் தெரியாது. ஏர் ஓட்டிப் பிழைக்கிற ஊர்களிலிருந்து போகிறவர்கள் இதைக் காணாமல் வரக்கூடாது. அம்பாள் அறம்வளர்த்த நாயகி.

அய்யாற்று மீன்களும் கோயிலைச் சேர்ந்தவை. அறுத்துச் சமைத்த மீன் உயிர்பெற்று ஆற்றில் துள்ளி ஓடியது என்று ஒரு கதை வழிவழியாகச் சொல்லப்படுகிறது, அதனால் யாரும் பிடிப்பதில்லை. பொரி போட்டால் படித்துறை வரைக்கும் வந்து வாயைத் திறந்து நிற்கும். பொரி மட்டும் போடுங்கள். பிஸ்கட்டைப் பாக்கெட்டோடு கவிழ்க்கிறவர்களால் கரை நாறுகிறது. மழை பெய்து ஆறு கலங்கியிருந்தால் மீன் கண்ணுக்குத் தெரியாது, அன்று படித்துறையில் இறங்கவும் வேண்டாம்.

ஆகாய கங்கை

கோயிலை ஒட்டி ஓடுகிற இந்த அய்யாறுதான் கொஞ்ச தூரம் போய் 300 அடி பாய்ந்து ஆகாய கங்கையாக விழுகிறது. பிறகு புளியஞ்சோலை வழியாகச் சமவெளிக்கு வந்து காவிரியில் சேர்கிறது. இது தெரிந்திருந்தால் ஒரு பெரிய வசதி: அருவி எப்படி இருக்கிறது என்பதை மேலே கோயிலிலேயே பார்த்துக்கொள்ளலாம். ஆறு தெளிவாக, கல் தெரிகிற மாதிரி ஓடினால் இறங்கலாம். டீ நிறத்தில், சருகும் குச்சியும் அடித்துக்கொண்டு போனால் இறங்காதீர்கள். வனத்துறை ஆள் விட்டாலும் இறங்காதீர்கள். வெள்ளம் மேலேயிருந்து வருவதற்கு அருவியடியில் மழை பெய்யவேண்டியதில்லை, இரண்டு மலை தள்ளி ஊற்றினால் போதும். கீழே நின்றுகொண்டிருக்கும்போது தண்ணீரின் நிறம் மாறினாலோ இரைச்சல் திடீரென்று கனத்தாலோ துணிமணியைத் தேடாமல் படிக்கு ஏறிவிடவேண்டும்.

வனத்துறை டிக்கெட் எடுத்து இறங்குவது ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். சுவாமிமலைக் கட்டுமலையின் 60 படியை மூச்சு வாங்காமல் ஏறிவிட்டோம் என்ற கணக்கில் பெரியவர்கள் இதற்கு இறங்கிவிடுகிறார்கள். அது வேறு, இது வேறு. செங்குத்தான இறக்கம், படிகள் ஒரே உயரத்தில் இல்லை, சில இடத்தில் முழங்கால் அளவுக்குக் காலைத் தூக்கவேண்டும். இறங்க 45 நிமிடம், ஏற ஒன்றேகால் மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இறங்கும்போது ஒன்றும் தெரியாது, பாதியில் தொடை நடுங்க ஆரம்பிக்கும். அங்கேயே திரும்பிவிடுவது புத்திசாலித்தனம், ஏனென்றால் டோலியோ வேறு வழியோ இல்லை, இறங்கின அத்தனை படியையும் ஏறித்தான் ஆகவேண்டும். இதய நோய், முழங்கால் தேய்மானம், சமீபத்தில் அறுவை சிகிச்சை, கர்ப்பம் என்றால் கோயிலோடு நின்றுகொள்ளலாம். கோயில் வாசல் அருகே வரைக்கும் வண்டி வருகிறது, அவர்களுக்கும் குறைவில்லாத பயணம்தான்.

மழைநாளில் படியின் நடுவில் ஈரம் மட்டும் இருக்கும், ஓரங்களில் பாசி படிந்திருக்கும். கைப்பிடியைப் பிடிக்கவேண்டும் என்பதற்காக ஓரமாகப் போகிறவர்கள் பாசியில் கால் வைத்துச் சறுக்குவதைத்தான் அதிகம் பார்க்கலாம். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே காலை உள்ளே தள்ளி வைத்து, பாதத்தைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பி இறங்கவேண்டும். ரப்பர் செருப்பு இங்கே உதவாது, அடியில் பள்ளம் பள்ளமாக இருக்கிற பட்டைச் செருப்போ ஷூவோ வேண்டும். குடையும் வேண்டாம், ஒரு கை போய்விடும். மழைக்கோட்டு போதும். வேட்டி, சேலையோடு போகிறவர்கள் மடித்துச் சொருகிக்கொள்ளுங்கள், நனைந்த கரை காலில் சுற்றும். தின்பண்டப் பையை வெளியே தெரியும்படி தூக்கிக்கொண்டு போனால் குரங்கு வாங்கிக்கொள்ளும்.

அருவியடி மழைக்காலத்தில் ஒரு தனி உலகம். நெருங்குவதற்கு முன்பே சாரல் முகத்தில் அடிக்கும், பேசினால் காது கேட்காது. தண்ணீர் மிதமாக இருந்து குளிக்க விட்டால் பாக்கியம். விடாவிட்டால் தள்ளி நின்று பார்த்துவிட்டு ஏறவேண்டியதுதான். குளிக்கத்தான் போகிறோம் என்று முடிவு செய்துகொண்டு கிளம்புகிறவர்கள்தான் தடுப்பைத் தாண்டுகிறார்கள். கோயிலுக்கும் மலைக்கும் என்று கிளம்புங்கள், குளியல் கிடைத்தால் லாபம். முதலில் தரிசனம், பிறகு அருவி என்பதே வரிசை. மாற்றினால் ஈரத்துணியோடும் நடுங்குகிற காலோடும் ஓடிவந்து சாத்திய நடையைப் பார்ப்பீர்கள்.

சாப்பாடும் சந்தையும்

கோயிலைச் சுற்றி இருப்பவை சின்னக் கடைகள். சாப்பாடு சூடாக இருக்கும், அதற்கு மேல் எதிர்பார்க்கவேண்டாம். 12 பேர் போகிறீர்கள் என்றால் தரிசனத்துக்கு முன்பே சொல்லிவிட்டு இறங்குங்கள், இல்லாவிட்டால் ஒன்றரைக்கு ரசமும் அப்பளமும்தான் மிஞ்சியிருக்கும். நெட்வொர்க் விட்டு விட்டு வருவதால் ஜிபே சுற்றிக்கொண்டே இருக்கும், சில்லறை நோட்டாகப் பணம் வைத்துக்கொள்ளுங்கள்.

வழியெல்லாம் முடவாட்டுக்கால் சூப் விற்கிறார்கள். பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளர்கிற பெரணியின் கிழங்கு அது. ஆட்டுக்கால் போலவே பழுப்பு ரோமத்தோடு இருக்கும். மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயம் தட்டிப்போட்டுக் கொதிக்கவைத்தால் படியேறி வந்த உடம்புக்கு இதமாக இருக்கிறது. மூட்டுவலி போய்விடும் என்பது நம்பிக்கை, மருந்தை நிறுத்திவிட்டு இதைக் குடிக்கவேண்டாம். கிழங்கு வாங்கினால் ரோமத்தைக் கத்தியால் ஒட்டச் சுரண்டி, இரண்டு மூன்று தண்ணீரில் கழுவவேண்டும். ரோமம் தங்கினால் தொண்டையை அறுக்கும். நான்கு பேருக்கு 100 கிராம் தாராளம். வளர நாளாகிற கிழங்கு இது, கிலோ கணக்கில் அள்ளிக்கொண்டு வருவதை ஆதரிக்க முடியாது.

சோளக்காடு சந்தைக்கு முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். மலைவாழை எப்போதும் கிடைக்கும், வாங்கவேண்டியது முதலில் அதுதான். முக்கால்வாசி பழுத்ததாக வாங்கினால் இறங்குகிற ஆட்டத்தில் நசுங்காது. பலாவும் அன்னாசியும் ஆனி, ஆடியில் கொழிக்கும், புரட்டாசியில் இருப்பது சீசன் கடைசிச் சரக்கு. மிளகு அறுவடை தை, மாசி வாக்கில். ஆகவே மழைக்காலத்தில் விற்கிற மிளகு பல மாதம் இருப்பில் இருந்தது, ‘புது மிளகு’ என்று சொன்னால் நம்பவேண்டாம். இருப்புச் சரக்கில் கெடுதல் இல்லை, ஈரம் ஏறியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. கையை உள்ளே விட்டு அடி மிளகை அள்ளி மோந்து பாருங்கள், பூஞ்சை வாடை உடனே தெரியும். நான்கைந்தைத் தண்ணீரில் போட்டால் கனமான மணி மூழ்கும், சொத்தையும் பப்பாளி விதையும் மிதக்கும். கடித்தால் நொறுங்கவேண்டும், நசுங்கினால் ஈரம். வாங்கி வந்ததை டெல்டாவின் ஐப்பசி ஈரத்தில் அப்படியே டப்பாவில் போட்டு மூடாமல், வெயில் அடிக்கிற முதல் நாளில் முறத்தில் பரப்பிக் காயவைத்துவிடுங்கள்.

மூன்றரைக்குச் சோளக்காட்டை விட்டு இறங்க ஆரம்பித்தால் நாலரைக்குக் காரவள்ளி, ஐந்தரைக்கு நாமக்கல், ஏழேகாலுக்குத் திருவாசி. கோயிலுக்கு இறங்காமல் நேரே வந்தால் ஒன்பதுக்குள் தஞ்சாவூர். ஐந்து மணிக்கு மேல்தான் இறங்கமுடியும் என்ற நிலை வந்தால், பனியும் இருட்டும் சேர்ந்த 70 வளைவைவிட செம்மேட்டில் அறை எடுத்துத் தங்கிவிடுவது மேல்.

அரசுப் பேருந்தில் முடியுமா என்று கேட்பவர்களுக்கு: திருச்சியிலிருந்து நாமக்கல்லுக்கு வண்டி நிறைய, நாமக்கல்லிலிருந்து மலைக்கும் பேருந்து உண்டு. செலவு வேன் கட்டணத்தில் சிறு பங்குதான். ஆனால் டெல்டாவிலிருந்து காலையில் கிளம்பி நடை சாத்துவதற்குள் கோயில் போய்ச்சேர முடியாது. முந்தின நாள் மாலையே நாமக்கல் போய்த் தங்கி, முதல் வண்டியில் ஏறவேண்டும்.

வேன் பேசும்போது கடைசியாக முன்பணத்தைப் பற்றி எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், வாட்ஸ்அப் செய்தியாக இருந்தாலும் போதும். மாவட்ட நிர்வாகம் மலைப்பாதையையோ அருவியையோ மூடினால் என்ன செய்வார்கள்? பாதை மூடினால் வேறு தேதிக்கு மாற்றித் தரவேண்டும், அருவி மட்டும் மூடினால் பயணம் உண்டு. இது இரு தரப்புக்கும் நியாயமான ஏற்பாடு. ‘மழைக்கெல்லாம் பணம் திரும்பாது’ என்று மட்டும் சொல்கிறவர் அறிவிப்பு வந்த பிறகும் வண்டி எடுக்கத்தான் பார்ப்பார், ஏனென்றால் வண்டி நின்றால் முன்பணம் போக மீதித் தொகை அவர் கைக்கு வராது. அப்படிப்பட்டவரிடம் பேச்சை அங்கேயே முடித்துக்கொண்டு அடுத்த வண்டிக்காரரிடம் கேளுங்கள்.